எருமை வாய் மூடியதும் ஸாரி ஊருக்குள் வந்ததும்

அந்தக் காலத்தில், ஆடு மாடுகள் இன்னும் பேச்சை விட்டிருக்காத காலத்தில், புன்னைத்துறை என்ற கடற்கரை ஊரில் வெள்ளைக்காரர்களின் கப்பல் ஒன்று வந்து நின்றது. துணி வாங்கத்தான் வந்தார்கள். வந்தவர்கள் கரையில் ஒரு பண்டகசாலை கட்டி, அதைப் பார்த்துக்கொள்ள பார்லோ துரை என்பவரை விட்டுவிட்டுப் போனார்கள்.

துரைக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஊருக்கு அவர் பேச்சு ஓர் எழுத்து புரியாது. இரண்டும் தெரிந்தவன் அந்தக் கரையிலேயே ஒருவன்தான் இருந்தான். அவன் பெயர் ஆதிமூலம். சின்ன வயதில் பிழைப்புக்காகக் கப்பல் ஏறி, நான்கு வருடம் பாய் தைத்துக்கொண்டு கடலில் கிடந்து, அங்கே கற்றுக்கொண்ட ஆங்கிலம் அது. துரை அவனைத் துபாஷியாக வைத்துக்கொண்டார். இரண்டு பாஷை பேசுகிறவன் என்பதால் அந்தப் பெயர்.

ஆதிமூலம் பிறந்தது மிகவும் இல்லாத வீட்டில். அவனைப் பெற்றவளுக்குப் பால் சுரக்கவில்லை. பக்கத்துத் தொழுவத்தில் அப்போதுதான் கன்று ஈன்றிருந்த ஓர் எருமை, "குழந்தையை இங்கே கொண்டு வாடி, எம் புள்ளைக்குப் போக மிச்சம் இருக்கு" என்று கூப்பிட்டது. அந்தக் காலத்தில் பால் கொடுப்பதும் கொடுக்காததும் எருமைகளின் இஷ்டம்தான். யாரும் கட்டிப்போட்டுக் கறக்கவில்லை. அந்த எருமையின் கன்று கரிச்சி. ஆக, கரிச்சியும் ஆதிமூலமும் ஒரு மடியில் பால் குடித்தவர்கள். அவன் அவளை அக்கா என்பான். அவள் அவனைத் தம்பி என்பாள். சேற்றுக் குளத்தில் அவள் முதுகில் உட்கார்ந்துதான் அவன் நீச்சல் பழகினான்.

துபாஷியான பிறகு அவன் குளத்துப் பக்கம் போவதில்லை. தலையில் சரிகைப் பாகை வந்துவிட்டது. தோளில் சால்வை வந்துவிட்டது. அம்பலக்காரர் மாசிலாமணி, ஊருக்கே பெரியவர், அவனைக் கண்டால் "வாங்க துபாஷி ஐயா" என்று எழுந்து நின்றார். தெருவில் கரிச்சி எதிரே வந்தால் ஆதிமூலம் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நடப்பான். கரிச்சி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "தம்பிக்கு வேலை ஜாஸ்தி" என்று மற்ற எருமைகளிடம் சொல்லிக்கொள்வாள்.

அவன் வேலையில் கெட்டிக்காரன் என்பதில் சந்தேகமில்லை. துரை பேசும் ஆங்கிலத்தில் அவனை முதலில் தடுக்கிவிட்ட சொல் ஒன்று இருந்தது. ஸாரி. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது துரை வாயிலிருந்து அது விழும். நெசவாளி ஒருவர் காலை மிதித்துவிட்டு ஸாரி என்றார். ஆதிமூலம் அதை "மன்னிக்கணும்" என்று சொன்னான். இன்னொரு நெசவாளி அதிக விலை கேட்டபோது தலையை ஆட்டிக்கொண்டு ஸாரி என்றார். அது "முடியாது". கப்பலில் வந்த மாலுமி ஒருவன் தன் தகப்பன் செத்த கடிதத்தைக் காட்டியபோது அவன் தோளைத் தொட்டு ஸாரி என்றார். அது துக்கம். யாராவது தணிந்த குரலில் பேசினால் காதைச் சாய்த்து ஸாரி என்று இழுப்பார். அது "என்ன சொன்னீங்க, கேக்கலையே". ஒரு நாள் சந்தையில் எலும்பும் தோலுமாக நின்ற குதிரையைப் பார்த்து, ஸாரி குதிரை என்றார். குதிரையிடம் எதற்கு மன்னிப்பு என்று ஆதிமூலம் விழித்தான். பிறகுதான் புரிந்தது, பார்க்கவே பரிதாபமான குதிரை என்று அர்த்தம்.

ஒரு மத்தியானம் அவன் துரையிடமே கேட்டுவிட்டான். "ஒரு சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள், துரை?"

துரை சிரித்தார். எழுதிக்கொண்டிருந்த இறகை வைத்துவிட்டு யோசித்தார். "எங்கள் ஊரில் புண்ணுக்கு ஸோர் என்று பெயர். அதிலிருந்து வந்தது என்பார்கள். ஆதியில் ஸாரி என்று சொன்னால், நான் புண்பட்டிருக்கிறேன், எனக்கு வலிக்கிறது என்று மட்டும்தான் பொருள். உன்னைப் பார்த்து எனக்கு வலிக்கிறது, உனக்குச் செய்ததை நினைத்து எனக்கு வலிக்கிறது, நீ கேட்பதைக் கொடுக்க முடியாமல் வலிக்கிறது. அப்புறம் எல்லோரும் சொல்லிச் சொல்லி வலி போய்விட்டது. சொல் மட்டும் நிற்கிறது."

ஆதிமூலத்துக்கு இது பிடித்திருந்தது. அந்தச் சொல் வரும்போதெல்லாம் இது எந்த ஸாரி என்று ஒரு கணத்தில் பிரித்துத் தமிழில் போடுவது அவனுக்குப் பெருமையான விளையாட்டாகிவிட்டது. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை. உள்நாட்டிலிருந்து பெரிய வியாபாரிகள் கரைக்கு வந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்கத் துரை தன் இரட்டைக் குதிரை வண்டியில் கிளம்பினார். கடிவாளம் துரையின் கையில். பக்கத்தில் ஆதிமூலம், புதுச் சால்வையோடு. உப்பளத்தை ஒட்டிய மண் சாலையில் வண்டி வேகமாகப் போனது. சாலையின் இரண்டு பக்கமும் மீன் கூடையோடு நின்ற பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். துரைக்குச் சரிசமமாக உட்கார்ந்து போகும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று ஆதிமூலத்துக்குத் தெரியும். அவன் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டான்.

அப்போது இடது பக்கக் குளத்து மேட்டிலிருந்து கரிச்சியின் குரல் வந்தது.

"டேய் ஆதி! தம்பி! வண்டிய நிறுத்தச் சொல்லுடா! எங் கன்னு அந்தப் பக்கத்துல இருந்து குறுக்க வருது!"

ஊர் முழுக்கக் கேட்கும் குரல். சாலையோரத்தில் நின்ற பெண்களில் யாரோ சிரித்தது போல அவனுக்குத் தோன்றியது. உண்மையில் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சரிகைப் பாகையோடு துரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனை, இடுப்பு வரை சேறு பூசிய ஓர் எருமை டேய் என்கிறது, தம்பி என்கிறது. அவன் காது மடல் சுட்டது.

துரை தலையைத் திருப்பிக் கரிச்சியின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆதிமூலத்தைப் பார்த்து, "அது என்ன சொல்கிறது?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை துரை. உங்களுக்கு வணக்கம் சொல்கிறது."

துரை கரிச்சியைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு வணங்கினார். குதிரைகளைத் தட்டிவிட்டார்.

வலது பக்கத் தாழம்புதருக்குப் பின்னால் இருந்து கன்று வெளியே வந்தது. தாய்க் குரல் கேட்டு ஓடி வந்த கன்று அது. பெயர் பொட்டு. நெற்றியில் வெள்ளையாக ஒரு சுழி இருந்ததால் அந்தப் பெயர். துரை கடிவாளத்தை இழுத்தார். குதிரைகள் நின்றன, ஆனால் கன்றைத் தாண்டித்தான் நின்றன.

துரை குதித்து இறங்கி ஓடினார். மண்ணில் மண்டியிட்டுக் கன்றின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதன் மூச்சு அடங்கும் வரை அப்படியே இருந்தார். அவர் கால்சட்டையெல்லாம் ரத்தம். ஆதிமூலம் வண்டியை விட்டு இறங்கவில்லை.

கரிச்சி அன்று அழவில்லை. கன்றை நக்கிக்கொண்டே நின்றாள். சாயங்காலம் அம்பலக்காரரிடம் போய், "எனக்கு ஊர்க் கூட்டம் வேணும்" என்றாள்.

மூன்றாம் நாள் மீன் உலர்த்தும் களத்தில் கூட்டம் கூடியது. ஊரில் ஒருவர் பாக்கியில்லை. ஒரு பக்கம் மனிதர்கள், ஒரு பக்கம் எருமைகள், பசுக்கள், ஆடுகள். அந்தக் காலத்தில் கூட்டம் என்றால் அப்படித்தான்.

துரையை யாரும் கட்டாயப்படுத்தி அழைக்கவில்லை. அவராகவே வந்தார், நடந்தே வந்தார். களத்தின் நடுவில் நின்று தொப்பியைக் கழற்றினார். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"ஸாரி," என்றார். குரல் உடைந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "கடிவாளம் என் கையில் இருந்தது. தவறு என்னுடையது," என்றார்.

ஆதிமூலம் அதைச் சரியாகத்தான் சொன்னான். "துரை ரொம்ப வருத்தப்படுறார். கடிவாளம் தன் கையிலதான் இருந்துச்சு, தப்பு தன்னோடதுன்னு ஒத்துக்கிறார்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அதில் கோபம் கொஞ்சம் இறங்கிய சத்தம் இருந்தது. அம்பலக்காரர் கரிச்சியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

கரிச்சி இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"வருத்தப்படுறார்னா சரி. நான் பழி வாங்க வரலை. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். நான் போட்ட சத்தம் அவர் காதுல விழுந்துச்சா இல்லையா? விழுந்தும் ஓட்டினாரா? அத மட்டும் கேட்டுச் சொல்லு தம்பி."

"கேளுங்க துபாஷி ஐயா," என்றார் அம்பலக்காரர்.

கேட்டால் துரை என்ன சொல்வார் என்று ஆதிமூலத்துக்குத் தெரியும். விழுந்தது, நான் உடனே இவனிடம் கேட்டேன், வணக்கம் சொல்கிறது என்றான், என்பார். அதையும் அவனேதான் தமிழில் சொல்ல வேண்டும். களம் முழுக்க முகங்கள். வாங்க துபாஷி ஐயா என்று எழுந்து நின்ற முகங்கள்.

அவன் துரை பக்கம் திரும்பினான். வாயைச் சரியாகத் திறக்காமல், சொற்களை மென்று, தாடிக்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தான். அதில் பொருள் எதுவும் இல்லை. துரைக்குக் கேட்கக் கூடாது என்றே முணுமுணுத்தான்.

துரை காதைச் சாய்த்தார். "ஸாரி?"

அதைத்தான் அவன் எதிர்பார்த்தான். கூட்டத்தின் பக்கம் திரும்பி, தெளிவான குரலில் சொன்னான்:

"கேக்கலைன்னு சொல்றார்."

சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு. அவன் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய்யும் அதுதான்.

கரிச்சியின் பெரிய கண்கள் துரையை விட்டுவிட்டு ஆதிமூலத்தின் மேல் வந்து நின்றன.

"கேக்கலையா?" என்றாள். "என் மூஞ்சியப் பார்த்தாரே தம்பி. பார்த்துட்டுத் திரும்பி உங்கிட்ட என்னமோ கேட்டாரே. நான் கண்ணால பார்த்தேனே. என்ன கேட்டார்?"

"இது என்ன மிருகம்னு கேட்டார்." ஆதிமூலம் கரிச்சியைப் பார்க்கவில்லை. "எருமைன்னு சொன்னேன்."

மனிதர்கள் பக்கத்திலிருந்து யாரோ 'ச்சீ' என்றார்கள். அது துரையைப் பார்த்து. கிழவர்கள் தலையை ஆட்டினார்கள். துரைக்கு ஒன்றும் புரியவில்லை. தான் சொன்னது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கரிச்சிக்கு நேராக ஓர் அடி எடுத்துவைத்து, நெஞ்சில் கையை வைத்து, மறுபடியும் சொன்னார்:

"ஸாரி."

"இப்பவும் கேக்கலையாமா?" என்றாள் கரிச்சி.

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். கசப்பான சிரிப்பு. தன் வருத்தத்தைப் பார்த்து ஊர் சிரிக்கிறது என்று கண்ட துரையின் முகம் வெளுத்துப்போனது. தொப்பியைக் கையில் பிடித்தபடியே தலைகுனிந்தார். அதைப் பார்த்துக்கொண்டே ஆதிமூலம் நின்றான். சால்வை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றான்.

கரிச்சி அவன் அருகே வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"அவரு மூணு தடவையும் ஒரே சத்தந்தான் போட்டார். மொதல்ல வருத்தம்னே. அப்புறம் கேக்கலைன்னே. அந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள்டா தம்பி?"

"நிறைய அக்கா."

"எந்த நேரத்துல எதை எடுக்குறதுன்னு யாரு முடிவு பண்றா?"

ஆதிமூலம் சால்வை நுனியை விரலில் இன்னும் இறுக்கிச் சுற்றினான்.

கரிச்சி கூட்டத்தைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நான் பேசுனதுல எம் புள்ள நிக்கல. நான் பேசுனதுல வண்டியும் நிக்கல. மனுஷன் பேச்சு இனிமே எனக்கு வேணாம். என்னோடதும் உங்களுக்கு வேணாம்."

அதுதான் ஓர் எருமை பேசிய கடைசிப் பேச்சு. அவள் திரும்பி நடந்தாள். மற்ற எருமைகள் ஒவ்வொன்றாக எழுந்து அவள் பின்னால் போயின. மறுநாள் பசுக்கள் வந்து கூப்பிட்டன, ஆடுகள் வந்து சமாதானம் பேசின. எருமைகள் வாய் திறக்கவில்லை. கொஞ்ச காலத்தில், பேசத் துணை இல்லாமல், மற்ற மாடு கன்றுகளும் பேச்சை மறந்தன.

கரிச்சி உப்பளத்துச் சாலைக்குப் போய், கன்று விழுந்த இடத்தில், சாலைக்குக் குறுக்கே நின்றாள். அசையவில்லை. வண்டிக்காரர்கள் கத்திப் பார்த்தார்கள். சாட்டையைச் சொடுக்கிப் பார்த்தார்கள். காதைக்கூட அவள் ஆட்டவில்லை.

ஊர் துரையோடு பேசுவதை நிறுத்தியது. 'கேக்காத துரை' என்று பெயர் வைத்தார்கள். நெசவாளிகள் தறியைச் சாத்தினார்கள். தினமும் காலையில் துரை வண்டியில் அந்தச் சாலைக்கு வருவார். கரிச்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அவள் எதிரில் பேசாமல் நிற்பார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு நாள் அவர் ஆதிமூலத்திடம் கேட்டார். "நான் சொன்னதை அவர்களுக்குச் சரியாகத்தானே சொன்னாய்?"

"சரியாகத்தான் சொன்னேன் துரை."

"அப்படியானால் எனக்கு மன்னிப்பு இல்லை," என்றார் துரை. அடுத்த கப்பலில் ஊருக்குத் திரும்பிவிடப் போவதாகக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

ஆதிமூலத்துக்கு யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் அவனைத் தின்றது. அம்பலக்காரர் அவனைத் தெருவில் நிறுத்தி, "இப்பேர்ப்பட்ட ஆளுகிட்ட எப்படித்தான் வேலை பாக்குறீங்களோ" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மீன் விற்கும் பெண்கள் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒவ்வொரு கும்பிடும் கன்னத்தில் விழுந்த அறை போல இருந்தது. தண்ணீர்ப் பானைக்குள் தன் முகம் தெரிந்தால் சொம்பை விட்டுக் கலக்கிவிட்டுத்தான் மொண்டான். சால்வையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தான். சோற்றில் தயிர் விழுந்தால், பால் கொடுத்த மடி நினைவுக்கு வந்து எழுந்துவிடுவான்.

அவன் மனைவி தையல்நாயகி ஒன்பது நாள் பார்த்தாள். பத்தாம் நாள் இலையை அவன் முன்னால் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன பண்ணினீங்க?" என்றாள். என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை.

அவன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். வணக்கம் என்று சொன்னது, மென்று முணுமுணுத்தது, எல்லாம். சொல்லி முடித்ததும் மனசு கொஞ்சம் லேசாகும் என்று நினைத்திருந்தான். இப்போது அவளும் தன்னைத் திட்டுவாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான்.

தையல்நாயகி திட்டவில்லை. அவன் சாப்பிடாத இலையை எடுத்தாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள். "நான் என்ன எருமையா?"

மறுநாள் உச்சிவேளைக்கு முன்னால் ஆதிமூலம் உப்பளத்துச் சாலைக்குப் போனான். பாகை இல்லை, சால்வை இல்லை. உப்புச் சுமக்கிறவர்கள், மீன்காரிகள், தறியை விட்டுவிட்டு வெட்டியாக உட்கார்ந்திருந்த நெசவாளிகள் என்று சாலையில் ஆட்கள் இருந்தார்கள். அம்பலக்காரரும் இருந்தார், எருமையை எப்படி நகர்த்துவது என்று யாருடனோ பேசிக்கொண்டு. ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தான். நினைத்ததற்கே வெட்கப்பட்டான்.

கரிச்சியின் முன்னால் போய் நின்றான். அவள் உடம்பில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. மடி வற்றியிருந்தது.

"அக்கா," என்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். துபாஷி ஓர் எருமையை அக்கா என்று கூப்பிட்டு யாரும் பல வருடமாகக் கேட்டதில்லை.

"துரைக்கு ஒங் குரல் கேட்டுச்சு அக்கா. அவர் எங்கிட்டத்தான் கேட்டார், என்ன சொல்லுதுன்னு. நான் அவருக்கு வணக்கம் சொல்லுதுன்னேன். நீ டேய்னு கூப்பிட்டது எனக்குக் கேவலமா இருந்துச்சு. அவ்வளவுதான். வேற காரணம் ஒண்ணும் இல்ல. களத்துலயும் ஒங் கேள்விய நான் அவர்கிட்டக் கேக்கவே இல்ல. சும்மா வாயை மென்னேன். அவர் என்னன்னு கேட்டார். அத நான் திருப்பிப் போட்டேன்."

அவனுக்குப் பின்னால் யாரோ ஒரு கூடையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அம்பலக்காரர் அருகில் வந்தார். அவன் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் காறித் துப்பினார். ஆதிமூலம் துடைத்துக்கொள்வதைப் போலக் கையைத் தூக்கினான். அவன் மேல் எதுவும் படவில்லை.

இனி மன்னிப்புக் கேட்க வேண்டும். வாயைத் திறந்தான்.

மன்னிக்கணும் என்று சொல்லலாம் என்று பார்த்தான். காலை மிதித்ததற்கெல்லாம் துரைக்காக அவன் நூறு தடவை சொன்ன சொல் அது. நாக்கில் வெறும் உமியாக இருந்தது. வருத்தப்படுறேன் என்று சொல்லப் போனான். களத்தில் அதைச் சொல்லிவிட்டுத்தானே அடுத்த மூச்சில் பொய் சொன்னான். தமிழில் அவனிடம் இருந்த ஒவ்வொரு சொல்லையும் வேறு யாருக்காகவோ, எதையோ மூடி மறைக்கவோ, அவன் முன்பே பயன்படுத்தியிருந்தான். தனக்கென்று ஒன்றும் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை.

அப்போது, எதை எடுக்கலாம் என்று தேடாமல், பொருள் பிரிக்காமல், அந்தச் சொல்லே முழுசாக வெளியே வந்தது.

"ஸாரி அக்கா."

சொல்லும்போது வலித்தது. நெஞ்சுக்கு நடுவில், ஆறாத இடத்தை யாரோ விரலால் தொட்டது போல. தன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்குவதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உணர்ந்தான்.

கரிச்சி அசை போடுவதை நிறுத்தினாள். அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, இரக்கம் இருந்ததா என்று அவனால் சொல்ல முடியவில்லை. பிறகு மறுபடியும் அசை போடத் தொடங்கினாள். பதில் சொல்லவில்லை. நகரவும் இல்லை.

அந்த நேரத்தில் துரையின் வண்டி வந்தது. துரை வழக்கம் போல முன்னாலேயே இறங்கினார். ஆதிமூலம் அவரிடம் போய், வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்படி, நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னான்.

துரை அவன் முகத்தைப் பார்த்தார்.

"ஸாரி," என்றார் மெல்ல.

ஆதிமூலத்துக்கு அது எந்த ஸாரி என்று தெரியவில்லை. காதில் விழவில்லை என்கிறாரா, நம்ப முடியவில்லை என்கிறாரா, பரிதாபப்படுகிறாரா, இனி உனக்கு இங்கே வேலை இல்லை என்கிறாரா. அந்தச் சொல்லைப் பிரிக்க முடியாமல் அவன் நின்றது அன்றுதான். வேலை போனது என்று மட்டும் பின்னால் தெரிந்தது. மறுநாள் பண்டகசாலைக் கதவு அவனுக்குத் திறக்கவில்லை. அவனும் தட்டவில்லை. உப்பளத்தில் கூலிக்குப் போனான்.

ஆனால் அன்று துரை அவனைத் தாண்டி நடந்தார். துபாஷி இல்லாமல், தனியாக, கரிச்சியின் முன்னால் போய் நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"ஸாரி," என்றார்.

பழக்க தோஷத்தில் அம்பலக்காரர் ஆதிமூலத்தைப் பார்த்தார். "என்ன சொல்றார்?"

"ஸாரின்னு சொல்றார்."

"அது தெரியுது. அப்படின்னா என்னன்னு சொல்லு."

ஆதிமூலம் தலையை ஆட்டினான். "நான் சொல்ல மாட்டேன் ஐயா. ஸாரின்னுதான் சொல்றார். அவர் மூஞ்சியப் பாருங்க."

ஊர் பார்த்தது. முதல் தடவையாக, துபாஷியின் வாயைப் பார்க்காமல் துரையின் முகத்தைப் பார்த்தது. வேறு எதுவும் யாருக்கும் தேவைப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நெசவாளிக் கிழவர் ஒருவர் முன்னால் வந்தார். துரையைப் பொய்யன் என்று தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்தவர் அவர்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, திக்கித் திக்கி, துரையைப் பார்த்து, "ஸா...ரி" என்றார். அப்புறம் மீன்காரி ஒருத்தி சொன்னாள். கடைசியாக அம்பலக்காரரும் சொன்னார். வண்டி அன்று கரிச்சியைச் சுற்றிக்கொண்டு, மணலில் இறங்கி, மெல்லப் போனது.

அன்று முதல்தான் நம் ஊர்களில் அந்தச் சொல்லை மட்டும் யாரும் தமிழில் மாற்றுவதில்லை. பஸ்ஸில் காலை மிதித்தாலும், கேட்டதைக் கொடுக்க முடியாவிட்டாலும், காதில் சரியாக விழாவிட்டாலும், இழவு வீட்டு வாசலில் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றாலும் ஸாரி என்றே சொல்கிறோம், என்ன பொருள் என்பதைக் கேட்கிறவர் நம் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். எருமைகளும் அன்று முதல்தான் சாலைக்குக் குறுக்கே நிற்கின்றன. எவ்வளவு சத்தம் போட்டாலும் திரும்புவதில்லை. வண்டியை நிறுத்தி இறங்கி நிற்கிறவரை மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கின்றன, ஒன்றும் சொல்லாமல்.